பொய்யா, நோயா? அமெரிக்கப் போர்வீரர்களும் கேள்வித்தாளும்

1975-ல் சைகோன் வீழ்ந்ததோடு வியட்நாம் யுத்தம் முடிந்தது. அங்கிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களில் பலருக்கோ அது முடியவில்லை. நள்ளிரவில் அலறி எழுவது, சிறு சத்தத்திற்கும் நடுங்குவது, வேலையில் நிலைக்க முடியாமல் திண்டாடுவது என்று காலம் கழித்தனர். 1980-ல்தான் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாக ஏற்றது. நோய் என்றான பிறகு நஷ்டஈடு. ஊனத்தைச் சதவீதமாகக் கணக்கிட்டு மாதந்தோறும் பணம். பணம் புகுந்த இடத்தில் சந்தேகம் புகாமல் இருக்குமா?

சந்தேகத்திற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது மினசோட்டா சர்வகலாசாலையில் பிறந்த ஒரு மனோதத்துவக் கேள்வித்தாள். 1989-ல் திருத்தப்பட்ட அதில் 567 வாசகங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று குறிக்க வேண்டும். சாதாரண மக்களில் பத்தில் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளாத விசித்திர வாசகங்கள் இடையிடையே கலந்திருக்கும். அவற்றில் பலவற்றுக்குத் தலையாட்டுபவர் மிகைப்படுத்துகிறார் என்பது கணக்கு. போர்வீரர்களோ ஏராளமாகத் தலையாட்டினார்கள்.

இதை வைத்துப் பொய்யர் என்று முடிவு கட்டுவது சரியல்ல. கடுமையாக நோயுற்றவனுக்கும் அந்த எண் ஏறத்தான் செய்யும். தூக்கமின்மையும் சோர்வும் குடியும் ஒன்றாக வாட்டும்போது எதற்குத்தான் 'இல்லை' என்பான்? ஆகவே 1995-ல் வேறு அளவுகோல் ஒன்று வந்தது. மனநோய் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களே அபூர்வமாக ஒப்புக்கொள்ளும் வாசகங்களை மட்டும் அது எண்ணியது. இன்னொன்றும் உண்டு. மெதுவாகச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று பயந்து உரக்கச் சொல்பவன் எல்லா ஆபீஸ் வாசலிலும் நிற்பவன்தான்.

2005-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அதிகாரிகள் 2,100 கோப்புகளைப் புரட்டினர். கால்வாசியில் போதிய சான்று இல்லை என்றனர். உடனே 72,000 பேரின் கோப்புகளை மறுபரிசீலனை செய்யப் போவதாக அறிவிப்பு வந்தது. வீரர்கள் கொதித்தெழுந்தனர். அந்த 2,100 கோப்புகளையும் மீண்டும் பார்த்தபோது குறை நிர்வாகத்தினுடையது, மோசடி அல்ல என்று தெரிந்தது. அதே நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. காகிதத்தைச் சேர்க்காதவன் குமாஸ்தா, திருடன் பட்டம் சிப்பாய்க்கு!

மறு ஆண்டு வெளியான ஆராய்ச்சி இன்னும் முக்கியமானது. வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் 30.9 சதவீதம் பேர் எப்போதாவது இந்நோய்க்கு ஆளானவர்கள் என்பது 1988-ல் சொன்ன கணக்கு. இராணுவ ஆவணங்களோடு ஒப்பிட்டு, நோயின் அளவையும் கண்டிப்பாகப் பார்த்தபோது அது 18.7 ஆகக் குறைந்தது. ஆனால் வீரர்கள் கதை கட்டியதற்கு ஆவணங்களில் அநேகமாக ஆதாரமே கிட்டவில்லை. போர்க்கொடுமையை அதிகம் கண்டவர்களிடமே நோயும் அதிகம் இருந்தது.

2010-ல் அரசு விதியைத் தளர்த்தியது. எதிரியின் தாக்குதலுக்கு அஞ்சி வாழ்ந்த வீரனின் வாக்குமூலம், அவன் பணியாற்றிய இடத்தோடு பொருந்தி, அரசு மருத்துவரும் உறுதி செய்தால் போதும். சம்பவத்திற்குத் தனிச் சான்று கேட்கப்படாது.