மெய்ப்பெயர் எது? மாற்றுப்பெயர் எது?

கொருக்குப்பேட்டைத் தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் தலைமேல் நிற்கிறது. அதைக் கண்டு நெஞ்சு நிமிர்த்திப் போகும் தமிழன், அதே நிலையம் கணிப்பொறிக்குள் எப்பெயரால் வாழ்கிறது என்று எட்டிப் பார்த்ததுண்டா? அங்கே அதன் பெயர் 'கே.ஓ.கே.' தண்டையார்பேட்டை 'டி.என்.பி.' திருவொற்றியூர் 'டி.வி.டி.' 1856-இல் தென்னாட்டின் முதல் தொடர்வண்டி புறப்பட்ட இராயபுரமோ 'ஆர்.பி.எம்.' சரக்குப்பெட்டி எங்கிருந்து எங்குச் செல்கிறது என்று கணக்கு வைப்பது இக்குறிகளாலேயே. பலகைத் தமிழ் வருவோர் போவோர்க்குக் கட்டிய தோரணம்!

பொறிக்குச் சுருக்கக்குறி வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. எது மெய்ப்பெயர், எது மாற்றுப்பெயர் என்பதே வழக்கு.

இவ்வழக்கின் வேரைப் பெருங்கணிப்பொறியில் காணலாம். ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் அறிவித்த 360 வரிசையிலிருந்து வழிவழியாக வரும் நெறி இது: தரவுத்தொகுதியின் பெயர் 44 எழுத்திற்கு மிகலாகாது, புள்ளியிட்டுப் பிரித்த ஒவ்வொரு பகுதியும் எட்டெழுத்தைத் தாண்டலாகாது, எழுத்துகள் ஆங்கிலப் பேரெழுத்துகளே. பொறியை இயக்கும் அடிப்படைத் தொகுதிகளின் பெயர்கள் 'எசு.ஒய்.எசு.1' என்னும் முன்னொட்டோடு தொடங்கும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1973-இல் அந்நிறுவனத்தின் 370/155 பொறி வந்தபோது இந்நெறியும் உடன் வந்தது.

அப்பொறியின் பெயரேட்டில் ஒரு தொகுதிக்கு மாற்றுப்பெயரும் பதியலாம். எப்பெயரால் அழைத்தாலும் தொகுதி வரும். ஆனால் நிகர்நிலை அன்று. மாற்றுப்பெயரை நீக்கினால் மெய்ப்பெயருக்கு ஒரு கீறலும் இல்லை. மெய்ப்பெயரின் பதிவை நீக்கினாலோ மாற்றுப்பெயரும் உடன் மாயும். தமிழ்ப்பெயர்களை இரண்டாம் இருக்கையில் அமர்த்தினோர் இவ்வேறுபாட்டை அறியாதவரா?

1996-இல் மெட்ராசு ஒழிந்து சென்னை ஆயிற்று. நடுவண் நிலையத்திற்கு 2019-இல் ம.கோ. இராமச்சந்திரன் பெயரும் சூட்டப்பட்டது. குறி மட்டும் அன்றும் இன்றும் 'எம்.ஏ.எசு.' தான், மெட்ராசின் எலும்புக்கூடு! வானூர்தி நிலையக் குறியும் 'எம்.ஏ.ஏ.' எழும்பூரோ 'எம்.எசு.'

"குறியை மாற்றினால் கணக்கெல்லாம் குலையும்" என்பர் அலுவலகப் புலவர். அப்படியா? முகல்சராய் 2018-இல் பெயர் மாறியது, 'எம்.ஜி.எசு.' என்ற குறி 'டி.டி.யு.' ஆயிற்று. அலகாபாத்து நிலையம் 2020-இல் பெயர் மாறியது, 'ஏ.எல்.டி.' போய் 'பி.ஆர்.ஒய்.சே.' வந்தது. மும்பையில் 2017-இல் பெயரோடு 'மகாராசு' என்னும் ஒரு சொல் சேர்ந்ததற்கே குறியை மாற்றினர். எந்த வண்டி தடம் புரண்டது? வடக்கே வளையும் பொறி தெற்கே மட்டும் விறைத்து நிற்குமா? பழைய குறியை நாடி வருவோர்க்கு மாற்றுப்பெயர் என்னும் பாலம் கணிப்பொறிக்கலையில் என்றோ கட்டப்பட்டுவிட்டது.

வடக்கை மட்டும் குறை கூறி என்ன பயன்? தமிழ்நாட்டரசே 2020 சூன் திங்களில் 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழொலிப்படி ஆங்கிலத்தில் எழுத ஆணை வெளியிட்டது. சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. எழுத்துக்கூட்டலில் குழப்பங்கள் இருந்தன, திருத்தியிருக்கலாம். பயிரில் களை மிகுந்ததென்று வயலையே கொளுத்தினர்! 'தொண்டியார்பெட்' மீண்டும் அரியணை ஏறியது. பேட்டையின் வாலறுத்த 'கொருக்குப்பெட்' அசையவேயில்லை.

ஆங்கில எழுத்தன்றிப் பொறிக்கு வேறு தெரியாது என்ற சாக்கும் செத்துவிட்டது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991-இலேயே இடம் ஒதுக்கப்பட்டது. ஊர்ப்பெயரேட்டின் முதற்கட்டத்தில் 'கொருக்குப்பேட்டை' என்று தமிழெழுத்தில் பதியட்டும். 'கே.ஓ.கே.'யை அதற்கடுத்த கட்டத்தில், மாற்றுப்பெயர் என்ற தலைப்பின்கீழ் வைத்துக்கொள்ளட்டும்.