நாற்று நட்ட உடம்பும் ஓட்டப் பயிற்சியும்

கரிக்கலாம்பாக்கம், பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் கூலி விவசாயிகளின் பிள்ளைகள் விடியலில் சாலையில் ஓடுகிறார்கள். சிலருக்குப் போலீஸ் தேர்வு, சிலருக்குக் கபடி. நல்லது. ஆனால் அவர்கள் கையிலுள்ள பயிற்சி அட்டவணை யாருக்காக எழுதப்பட்டது? ஓடிவிட்டு வயிறாரத் தின்று பகலில் படுத்துறங்க வசதி பெற்றவனுக்காக! பகலெல்லாம் அண்டை வெட்டியவனுக்கும், இரவு ஷிப்டில் நின்றவனுக்கும் அது எப்படிப் பொருந்தும்?

முதலாளியின் கணக்கில் உழைப்பு விடுபடலாம். உடம்பின் கணக்கில் விடுபடாது. மூட்டை சுமந்ததும் அதற்குப் பயிற்சிதான். ஓடும்போது தசை களைக்கிறது. பலம் ஏறுவது பிறகு, உணவிலும் உறக்கத்திலும். அவையின்றி ஓட்டத்தை மட்டும் கூட்டினால் முழங்காலும் முன்னங்கால் எலும்பும் நோகும். நொண்டுகிறவனுக்குக் கூலியும் இல்லை, தேர்வும் இல்லை.

வயல் வேலை தாங்கும் சக்தியைத் தருகிறது, வேகத்தைத் தருவதில்லை. ஆகவே வாரம் மூன்று நாள், குறுகிய தூரம், வேகமாக, நடுவில் மூச்சு வாங்கி ஓடினால் போதும் என்பது என் எண்ணம். மாரத்தான் ஓட இது போதாது. அந்த நஷ்டத்தை ஏற்கத்தான் வேண்டும். நடவு, அறுப்பு நாட்களில் இதையும் பாதியாக்கலாம். (வரப்பில் ஓடாதீர்கள், கணுக்கால் பிசகும்.)

செக்கோஸ்லவாகியாவின் எமில் ஜடோபெக் ஸ்லின் நகரில் பாட்டா செருப்பாலைத் தொழிலாளியாக இருந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார். 400 மீட்டரை வேகமாக ஓடி, மெதுவோட்டத்தில் இளைப்பாறி, மறுபடி மறுபடி ஓடுவது அவர் முறை. அப்போது அவர் ஆலையில் இல்லை, ராணுவ அதிகாரி என்பதை மறக்கலாமா?

நம் பக்கம் எப்படி? திருச்சி முடிகண்டம் கோமதி மாரிமுத்துவின் தந்தை, தன் உணவை மகளுக்கு விட்டு மாட்டுத் தீவனம் தின்றாராம். 2019-ல் கோமதியே சொன்னது. அவ்வாண்டு ஆசிய 800 மீட்டரில் அவர் வென்ற தங்கம், 2020-ல் ஊக்கமருந்து வழக்கில் பறிபோயிற்று. மருந்தின் கதை தனி. அந்தத் தட்டின் கதை நம்முடையது.

1936 ஜூலை 30-ல் புதுச்சேரியில் 12 மில் தொழிலாளர் குண்டுக்கு இரையான பிறகே, மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை வந்தது. ஓடுவதற்கு நேரம் அதில் கிடைத்ததுதான். ஓவர்டைம் அதைத் தின்றால் எந்த அட்டவணையும் உதவாது. கொம்யூன் பஞ்சாயத்துகளிடம் கேட்போம்: ஒரு மண் ஓட்டப் பாதை, பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தினம் முட்டையும் சுண்டலும்.