கூப்பனில் சுருங்கும் வாசகன்

புதுப்படம் வெளியாகும் வாரங்களில் நாளிதழ்களின் இணைப்பிதழ்களைப் புரட்டும் எவரும் அந்தப் பகுதியைக் கண்டிருப்பர். நாயகனும் நாயகியும் சிரிக்கும் வண்ணப்படம். அதன் கீழே மூன்று கேள்விகள். இப்படத்துக்கு இசையமைத்தவர் யார்? நாயகியின் பெயர் என்ன? இயக்குநரின் முந்தைய படம் எது? முதல் இரண்டின் விடைகள் பெரும்பாலும் அதே பக்கத்து விளம்பரத்திலேயே அச்சாகியிருக்கும். சரியான விடை எழுதும் 'அதிர்ஷ்டசாலி'களுக்கு முதல்நாள் காட்சிக்கான நுழைவுச்சீட்டு, அல்லது நட்சத்திரத்தோடு நின்று ஒரு புகைப்படம். முன்பு வெட்டி ஒட்டி அனுப்பும் கூப்பனாக இருந்தது. 2000-களில் குறுஞ்செய்தி எண்ணாயிற்று. இன்று செல்பேசியால் படம்பிடிக்க வேண்டிய கட்டமாக உருமாறியிருக்கிறது. கேள்விகள் மட்டும் மாறவில்லை.

இதைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்குவோர் உண்டு. இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்றும் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'வாசகர் போட்டி' என்ற பெயரில் நடப்பது, ஒரு நாளிதழ் தன் வாசகனைத் தயாரிப்பாளருக்குக் கைமாற்றித் தரும் வணிகம். அதற்கு விலையாகப் போவது விமர்சனம்.

போட்டி என்ற வடிவத்தின் மீது எனக்குப் பகை இல்லை. திரைப்படம் பேசத் தொடங்குவதற்கு முன்பே அமெரிக்காவில் இந்த உத்தி பிறந்துவிட்டது. 1914-இல் தான்ஹௌசர் நிறுவனம் எடுத்த 'தி மில்லியன் டாலர் மிஸ்டரி' என்ற தொடர்படத்தின் கதை, திரையில் வரவர, சிகாகோ டிரிப்யூன் உள்ளிட்ட நாளிதழ்களிலும் தொடராக வெளிவந்தது. முடிவு எப்படி அமைய வேண்டும் என்பதை வாசகர்களிடமே கேட்டார்கள். பரிசு 10,000 டாலர். வென்றவர் செயின்ட் லூயிஸ் நகரத்து அலுவலகம் ஒன்றில் செயலராகப் பணிபுரிந்த இளம்பெண். இதுவும் பச்சை வணிகமே. நாளிதழுக்கு விற்பனை, தயாரிப்பாளருக்குக் கூட்டம். ஆயினும் அந்த வணிகம் வாசகரிடம் ஒன்றைக் கேட்டது: கதையைத் தொடர்ந்து படி, முடிச்சுகளை நினைவில் வை, நீயே யோசித்து ஒரு முடிவைச் சொல்.

நம் நாட்டிலும் அத்தகைய போட்டிகள் இருந்தன. 1965-இல் ஃபிலிம்ஃபேர் இதழும் இந்தித் தயாரிப்பாளர்கள் சிலரும் இணைந்து நடத்திய திறன்தேர்வுப் போட்டியிலிருந்துதான் ராஜேஷ் கன்னா வந்தார். அங்கே நடுவர்களுக்கு முன் நடித்துக்காட்ட வேண்டியிருந்தது. தமிழில் கலைமகள் நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்றது அகிலனின் 'பெண்'. இதழ் வளர்ந்தது, கூடவே ஓர் எழுத்தாளரும் வளர்ந்தார். பங்கேற்பவரிடம் உழைப்பைக் கோரும் போட்டி அவரை மதிக்கிறது. விடையை மேலே அச்சிட்டுக் கேள்வியைக் கீழே வைக்கும் போட்டி அவரை என்னவாக எண்ணுகிறது?

எஸ்.எஸ். வாசனை இங்கே நினைவுகூராமல் இருக்க இயலாது. ஆனந்த விகடனை 1928-இல் வாங்கிய அவர், குறுக்கெழுத்துப் போட்டிகளைக் கொண்டு அதன் விற்பனையைப் பெருக்கியவர். பின்னர் ஜெமினி ஸ்டூடியோவின் அதிபர். இதழும் திரைப்படமும் ஒரே கையில் இருந்த காலம் அது. 1948-இல் 'சந்திரலேகா' வெளியானபோது அவர் செய்த விளம்பரம் இந்தியா முழுவதும் பேசப்பட்டது. நாளிதழ்களின் முழுப்பக்கங்களை அவர் பணம் கொடுத்து வாங்கினார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த விளம்பரம் விளம்பரமாகவே வந்தது. பக்கத்தைப் பார்த்தவனுக்கு அதில் பேசுவது யார் என்பதில் ஐயம் இல்லை. இன்றைய போட்டிப் பக்கத்தில் பேசுவது யார்? தயாரிப்பாளரின் சரக்கை ஆசிரியரின் குரலில் விற்கிறார்கள். அழைப்பது நம் நாளிதழ் என்பதால் நாமும் நம்பிப் போகிறோம்.

சட்டம் இதைப் பற்றி முன்பே யோசித்திருக்கிறது. குறுக்கெழுத்துப் போட்டிகள் சூதாட்டமாக வளர்ந்ததால் 1955-இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட சாமர்பாக்வாலா வழக்கில், 1957-இல் உச்ச நீதிமன்றம் திறமையால் வெல்லும் போட்டியையும் குருட்டு வாய்ப்பால் வெல்லும் போட்டியையும் பிரித்துக் காட்டியது. நுழைவுக் கட்டணம் இல்லாததால் நம் திரைப்படப் போட்டியைச் சூதாட்டம் என்று சொல்ல முடியாமல் போகலாம். எல்லோருக்கும் விடை தெரிந்த கேள்வியைக் கேட்டுவிட்டுக் குலுக்கலில் ஆளைத் தேர்வதைத் திறமைப் போட்டி என்று சொல்லவும் முடியாது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேராகப் பேசுகிறது. பரிசுத் திட்டம் முடிந்தபின் அதன் முடிவைப் பங்கேற்றவர்களுக்குத் தெரிவிக்காமல் மறைப்பதை நேர்மையற்ற வணிகமுறை என்கிறது அது. எந்த நாளிதழில் திட்டம் விளம்பரப்படுத்தப்பட்டதோ அதே நாளிதழில், உரிய காலத்துக்குள், கண்ணில் படும்படி முடிவை வெளியிட்டால் தெரிவித்ததாகக் கொள்ளப்படும் என்றும் விளக்குகிறது. போட்டி அறிவிப்பு அரைப்பக்கம் வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முடிவு அதே அளவில் வந்து பார்த்த நினைவு எனக்கு இல்லை.

ஆனால் சட்டத்தைவிட எனக்கு முக்கியமானது விமர்சனம். '16 வயதினிலே' (1977) படத்துக்கு ஆனந்த விகடன் அளித்த 62.5 மதிப்பெண் இன்றளவும் பேசப்படுகிறது. அந்த எண்ணுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? கொடுத்தவர்கள் கறாரானவர்கள் என்று வாசகர்கள் நம்பியதால். ஒரு படத்தின் போட்டியை இரண்டு வாரம் நடத்தி, அதன் நுழைவுச்சீட்டுகளைத் தன் கையால் பகிர்ந்தளித்த நாளிதழ், மூன்றாம் வாரம் அப்படம் வெறும் சக்கை என்று எழுதுமா? எழுதாது. எழுத வேண்டாம் என்று எவரும் ஆணையிடத் தேவையும் இல்லை. செஞ்சோற்றுக் கடன் தானாகவே வேலை செய்யும்.

இன்னொன்றும் நடக்கிறது. பரிசு பெற்றுப் படம் பார்த்து வருபவரை அரங்க வாசலில் நிறுத்தி அவர் சொல்லும் இரண்டு வரியை 'வாசகர் கருத்து' என்று வெளியிடுகிறார்கள். இலவசமாகக் கிடைத்த இருக்கையில் அமர்ந்து, நட்சத்திரத்தோடு கைகுலுக்கித் திரும்பியவர் வேறென்ன சொல்வார்? விமர்சகன் எழுத வேண்டிய இடத்தில் விருந்தாளியின் நன்றியுரை அச்சாகிறது.

கல்லூரியில் இளங்கலை மாணவர்களிடம், அண்மையில் பார்த்த படம் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி நான் கேட்பதுண்டு. பலரும் எழுதுவது நடிகர் பட்டியல், இசையமைப்பாளர் பெயர், முதல்நாள் வசூல். அந்தப் படத்தில் உன்னை உறுத்தியது எது என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். வகுப்பில் ஒரு குறுந்தொகைப் பாடலின் உள்ளுறையைக் கண்டு சொல்லக்கூடியவர்கள். திரைப்படத்தைப் பற்றி இவர்களிடம் பொதுவெளி எழுப்பிய கேள்விகளெல்லாம் கூப்பன் கேள்விகளாகவே இருந்திருக்கின்றன. கேள்வி எப்படியோ விடையும் அப்படியே.

மறுதரப்புக்கும் செவிகொடுப்போம். சிற்றூர் இளைஞன் ஒருவனுக்குக் கிடைக்கும் எளிய மகிழ்ச்சியைப் பறிப்பானேன் என்பர். அவன் மகிழ்ச்சியில் எனக்குப் பொறாமை இல்லை. ஒருவன் பெறும் நுழைவுச்சீட்டுக்காக, பெறாத ஆயிரக்கணக்கானோரின் பெயரும் முகவரியும் செல்பேசி எண்ணும் எங்கே போய்ச் சேருகின்றன என்பதே என் கேள்வி. விளம்பரத்துக்கு வழியற்ற சிறு படங்களுக்கு இது துணை என்பர். போட்டிப் பக்கங்களில் சிரிக்கும் முகங்களை எண்ணிப் பாருங்கள். ஊரெங்கும் சுவரொட்டியில் சிரிக்கும் அதே முகங்கள்தாம் அவை. விளம்பர வருவாய் இல்லாமல் நாளிதழ் நடத்த முடியாது என்பர். உண்மை. வாங்குபவர் தரும் விலை தாளுக்கும் அச்சுக்கும் போதாது. ஆகவே விளம்பரம் வரட்டும், வாசன் காலத்தில் வந்ததுபோல் விளம்பரமாகவே வரட்டும்.

நான் கேட்பது மிகையன்று. போட்டிப் பக்கத்தின் தலையில் 'விளம்பரம்' என்ற சொல் தெளிவாக இருக்க வேண்டும். முடிவுகள் அறிவிப்பு வந்த அளவிலேயே வெளியாக வேண்டும். ஒரு படத்தின் போட்டியில் பங்காளியாக இருந்த நாளிதழ், அப்படத்தின் விமர்சனத்துக்கு மேலே அந்த உறவை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

போட்டி நடத்தியே தீர்வதென்றால், படம் வெளியான பிறகு நடத்துங்கள். தன் காசில் சீட்டு வாங்கிப் பார்த்தவரிடம், படம் எங்கே பொய் சொல்கிறது, எங்கே உண்மையாகிறது என்று இருநூறு சொற்களில் எழுதச் சொல்லுங்கள். கடுமையாகத் திட்டி எழுதியதே சிறந்ததென்றால் அதற்கே பரிசளியுங்கள், அச்சிடுங்கள். அப்படி ஒரு போட்டியை நடத்த முன்வரும் தயாரிப்பாளரின் படத்துக்கு முதல் சீட்டை நானே வாங்குகிறேன். அதுவரை அந்த இசையமைப்பாளர் யார் என்பதைச் சுவரொட்டி சொல்லட்டும். அதைச் சொல்ல நாளிதழ் தேவையில்லை, எழுதிக்காட்ட வாசகனும் தேவையில்லை.