செய்தி சேகரிப்பவர் விளம்பரம் சேகரிக்கக் கூடாது

தாலுகா நிருபர்களும் வட்டாரச் செய்தியாளர்களும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது: செய்தி எழுதும் யாரிடமும் எந்த நிறுவனமும் விளம்பர டார்கெட் வைக்கக் கூடாது. கமிஷன் என்ற பெயரிலும் கூடாது, ‘முடிந்தால் பிடித்துக் கொடுங்கள்’ என்ற வேண்டுகோளாகவும் கூடாது. நாளிதழ், வார இதழ், தொலைக்காட்சி, யூடியூப் சேனல் எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

ஊடக நேர்மை பற்றிய பேச்சு பெரும்பாலும் டெல்லி ஸ்டுடியோக்களையும் சென்னைத் தலைமை அலுவலகங்களையும் சுற்றியே நடக்கிறது. அதுவும் பேசப்பட வேண்டியதுதான். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறதா, ரேஷன் கடையில் எடை சரியாக நிற்கிறதா, ஏரியில் மண் அள்ள யார் அனுமதி கொடுத்தது என்பதையெல்லாம் தாலுகா நிருபர் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. அவர் எப்படிப் பிழைக்கிறார் என்பது அதனால் வாசகருக்கும் உரிய கேள்வி.

எங்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. சில இடங்களில் அதுவும் இல்லை. அடையாள அட்டையும் மைக்கும் மட்டும். பெட்ரோல், செல்போன் செலவு சொந்தக் காசு. இதை ஈடுகட்டத்தான் விளம்பரக் கமிஷன். தீபாவளி மலர், பொங்கல் மலர், சுதந்திர தின மலர், ஆண்டு விழா மலர் என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து ஒரு தொகை சொல்லப்படும்.

அந்தத் தொகைக்கு நிருபர் யாரிடம் போவார்? கல்குவாரிக்காரர், தனியார் மருத்துவமனை, பேரூராட்சித் தலைவர், ஒன்றியச் செயலாளர், பள்ளித் தாளாளர். செய்தியில் வர வேண்டியவர்களும் இவர்களேதான். பள்ளியையே எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ ரிசல்ட் அன்று மாணவர் படங்களோடு கால் பக்க விளம்பரம் தந்தவர் தாளாளர். இரண்டு மாதம் கழித்து, பள்ளி வேனின் தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடப்பதை ஒரு பெற்றோர் படமெடுத்து அனுப்புகிறார். விளக்கம் கேட்டுப் போன் செய்தால், “தம்பி, உங்க பில்லு ஒண்ணு நிக்குதுல்ல, இந்த வாரம் வாங்க, முடிச்சு விட்டுடலாம்” என்று பதில் வருகிறது. மிரட்டலே இல்லை. செய்தி நின்றுவிடுகிறது. பில் வசூலாகாவிட்டால் பல இடங்களில் அது நிருபரின் பெயரில் பற்றாக ஏறும் என்பது வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். 2012-ல் தாம்பரம் பகுதியில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் வந்தன. அப்படி ஒரு ஓட்டையைக் குழந்தை விழுவதற்கு முன்னால் எழுதுவதற்குத்தான் உள்ளூர் நிருபர் வேண்டும்.

இன்னொன்று. ஆகஸ்ட் 15-ம் ஜனவரி 26-ம் கிராம சபை கூடும் நாட்கள். வரவு செலவுக் கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டிய அந்தக் கூட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்க நிருபர் வாழ்த்து விளம்பரத்துக்கு அலைகிறார். வாழ்த்துச் சொல்பவர்களில் ஊராட்சித் தலைவரும் இருக்கிறார். கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்ட பெண்ணின் கேள்வி மறுநாள் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

2009 தேர்தல்களில் காசு வாங்கிக்கொண்டு செய்தி வெளியிட்டது பற்றி இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் துணைக்குழு விசாரித்தது. அதன் 71 பக்க அறிக்கையை 2010-ல் கவுன்சில் முழுதாக வெளியிடவில்லை, சுருக்கத்தையே தந்தது. மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு 2011-ல்தான் முழு அறிக்கை வெளியே வந்தது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் பத்திரிகையாளர்களின் குறைந்த ஊதியத்தையும் ஒப்பந்த முறையையும் இந்தச் சீரழிவோடு சேர்த்தே பேசியது. கவுன்சிலை நம்பியும் பயனில்லை. 1978 சட்டப்படி அது எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்பிலேயே இல்லை.

‘நீங்கள் ஊழியரே இல்லை, பகுதிநேரம்’ என்று நிர்வாகங்கள் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. உழைக்கும் பத்திரிகையாளர் என்பதற்கு 1955 சட்டம் தந்த விளக்கத்தில் முழுநேரம், பகுதிநேரம் இரண்டுமே இருந்தன. அதன் இடத்தில் வந்த 2020-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது; மின்னணு, டிஜிட்டல் ஊடகங்களையும் சேர்த்துக்கொள்கிறது.

காகித விலை, குறையும் சர்க்குலேஷன் எல்லாம் எங்களுக்கும் தெரியும். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை இல்லை. விளம்பரத்துக்குத் தனி ஆள் போடுங்கள் என்கிறோம். ஒருவரே ஆசிரியராகவும் உரிமையாளராகவும் இருக்கும் சிற்றிதழ்களில் அது முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அவர்கள் காசு வாங்கிய ஒவ்வொரு வரிக்கும் மேலே ‘விளம்பரம்’ என்று தெளிவாக அச்சிட்டால் போதும்.

தாலுகா நிருபருக்கு நிலையான மாத ஊதியமும் பயணப்படியும் விபத்துக் காப்பீடும் வேண்டும். பத்திரிகையாளர் நல வாரியத்தில் சேர நிர்வாகத்தின் கடிதம் ஒன்றே வழி என்று இல்லாமல், பிரசுரமான செய்திகளையும் சான்றாக ஏற்க வேண்டும். நிருபர்களை விளம்பரத்துக்கு அனுப்புவதில்லை என்று எழுதிக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே அரசு விளம்பரம் தர வேண்டும். இதைச் செய்தி மக்கள் தொடர்புத் துறையிடம் மனுவாகவே கொடுக்கிறோம்.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு கட்டுப்பாடு. பிரஸ் மீட்டில் கவர் வாங்கும் உறுப்பினர் சங்கத்தில் நீடிக்க முடியாது. வரும் சுதந்திர தின மலரிலிருந்து உறுப்பினர் எவரும் விளம்பரக் கட்டண அட்டையைக் கையில் வாங்க மாட்டார். அதற்காக வேலையிலிருந்து நிறுத்தப்படுபவரின் வழக்குச் செலவைச் சங்கம் ஏற்கும்.