அரை மீட்டர் பின்னால் நின்றவர்

தரையிலிருந்து பத்தடி உயரத்தில் ஓர் இரும்பு வளையம். அதன் உள்விட்டம் 45 செ.மீ. பெண்கள் ஆடும் கூடைப்பந்தின் விட்டம் ஏறக்குறைய 23 செ.மீ. கணக்குப்படி கிட்டத்தட்ட இரண்டு பந்து அகலத்துக்கு இடம் இருக்கிறது. ஆனாலும் பந்து உள்ளே விழ மறுக்கும். ஒரு தடவை எறிந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும்!

எறிவது கை என்றுதான் தோன்றும். உண்மையில் பந்தைத் தூக்கி அனுப்புவது கால். முழங்கால் மடிந்து எழும் வேகம் இடுப்பு, தோள் வழியாக மணிக்கட்டுக்கு வந்து சேர வேண்டும். கால் சோர்ந்தால் பந்து வளையத்தின் முன்பக்கத்தில் இடித்துத் திரும்பிவிடும்.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்த வித்தையை 18 ஆண்டுகள் இந்திய அணிக்காகச் செய்தவர். முதலில் அவர் ஆடியது வாலிபால். கூடவே ஓட்டப் பயிற்சி. பிறகுதான் கூடைப்பந்துக்கு மாறினார். 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டன். தேசியப் போட்டிகளில் 30 பதக்கங்கள். 2013இல் தோஹாவில் நடந்த மூவர் அணி ஆசியப் போட்டியில் தங்கம்.

இடையில் ஆட்டத்தின் அளவே மாறியது. மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.25 மீட்டரில் இருந்தது. 2010இல் அதை 6.75 மீட்டருக்குத் தள்ளினார்கள். பத்து வருடம் பழகிய கால்கள் அரை மீட்டர் பின்னால் போய், எல்லாவற்றையும் மறுபடி பழக வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் வீட்டில். கல்யாணம், பிறகு குழந்தை. 'இனிமே என்ன விளையாட்டு?' என்று ஊர் கேட்கும் இடம் அது. அனிதா திரும்பி வந்தார். 2017 ஜூலையில் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் இந்தியா பட்டம் வென்றது. இறுதிப் போட்டியில் கஜகஸ்தானுக்கு எதிராக 75-73. இரண்டே புள்ளி வித்தியாசம்! அப்போது அனிதாவுக்கு 32 வயது. அர்ஜுனா விருது அவருக்குக் கிடைக்கவில்லை. 2021இல் பத்மஸ்ரீ வந்தது.

அந்தப் போட்டி நடந்த ஊர் குருபரப்பள்ளிக்குத் தொலைவு இல்லை. ஓசூர் வழியாக பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம்தான். இந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்போடு மைதானத்தை விட்டுவிடுகிறார்கள். பிறகு கம்பெனி பஸ், ஷிப்ட், கல்யாணம். திறமை இல்லாமல் நிற்பதில்லை. நிற்க வேண்டியதுதான் என்று எல்லோரும் நினைத்துவிடுவதால் நிற்கிறது.

அனிதாவுக்கு மன உறுதி இருந்தது, சரி. கூடவே தெற்கு ரயில்வேயில் நிரந்தர வேலையும் இருந்தது. நம் நாட்டில் கூடைப்பந்து ஆடும் பெண்ணுக்குச் சோறு போட்டது பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைதான். மத்திய அரசு ஊழியருக்கு 180 நாள் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. விடுப்பு முடிந்ததும் திரும்பிப் போக ஓர் இடமும் உண்டு.

அதே 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம், தொழிற்சாலைப் பெண்களுக்கும் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. கான்ட்ராக்டில் இருந்தாலும் கேட்டுப் பெற வேண்டிய உரிமை இது.

சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வருகிறேன் என்று மகளோ மருமகளோ சொன்னால், 'எதுக்கு?' என்று கேட்க வேண்டாம். 'குழந்தையை நான் பார்த்துக்கிறேன், போயிட்டு வா' என்று சொன்னால் போதும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் கால் பலப்படுகிறது.