மலைமேல் ஒரு மரக்கலம்

கடற்கரைக்கு நெடுந்தொலைவில், 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த உதகையின் காந்தலில் வாழும் மாணவர்களுக்குக் கப்பற் சாஸ்திரம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். கப்பல் கடலில் மிதந்தாலும் அதன் உடல் காட்டிலே பிறக்கின்றது என்பதை அன்னார் மறந்தனர் போலும். 1817-ம் வருஷம் பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டிய திருக்கோணமலை என்னும் பெயர் பூண்ட போர்க்கப்பல் மலபார்த் தேக்கினால் ஆயது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் அது இன்றும் பேணப்பட்டு வருகின்றது. ஆகவே, நமது பழைய மரக்கலங்களை அளவு பிசகாமல் சிறு உருவிற் செய்யும் கைத்தொழில் மலைநாட்டுப் பள்ளிகளிலும் இடம்பெற வேண்டுமென்று நாம் கூறுவது விந்தையன்று.

இதனைப் பிள்ளை விளையாட்டென்று தள்ளுவோர், கௌண்டின்யா என்னும் கப்பலின் கதையை நோக்குவாராக. அஜந்தாக் குகையில் 5-ம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட ஓவியம் ஒன்றே அதற்கு ஆதாரம். ஆணி அறையாது, தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய அக்கப்பலை 2025-ம் வருஷம் மே மாதத்தில் இந்தியக் கடற்படை ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் டிசம்பர் 29-ல் அது போர்பந்தரிலிருந்து மஸ்கட் நோக்கிப் பாய் விரித்தது. ஓவியத்திற்கும் கடலுக்கும் இடையே நின்று உதவியது எது? ஒரு சிறு மாதிரியே! சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறையினர் மாதிரியைக் கொண்டு, கப்பல் நீரில் எவ்வாறு நடக்கும் என்று சோதித்தனர்.

இச்சோதனைக்கு வழி வகுத்தவர் வில்லியம் புரூடு என்னும் ஆங்கிலப் பொறியாளர். கப்பலின் 25-ல் ஒரு பங்கு நீளமுள்ள மாதிரியை அதன் வேகத்தில் 5-ல் ஒரு பங்கு வேகத்தில் இழுத்தால், அது எழுப்பும் அலை பெரிய கப்பலின் அலையை ஒத்திருக்கும் என்பது அவர் கண்ட விதி. சிறியதைக் கொண்டு பெரியதை அளக்கலாம். ஆனால் சிறியது மெய்யாக இருத்தல் வேண்டும்.

இங்கேதான் நமது குறை வெளிப்படுகின்றது. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளை அளந்து படம் வரைந்தவர் பாரி என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. பிற்காலத்தில் பாரிஸ் நகரத்துக் கடற்படைக் காட்சிசாலையின் தலைவராகி, பல நாட்டு மரக்கலங்களின் மாதிரிகளைச் சேர்த்தவரும் அவரே. இந்தியப் படகுகளின் அமைப்பை ஆராய்ந்து 1920-ல் நூல் வெளியிட்டவர், சென்னை மாகாணத்து மீன்துறைக்குத் தலைமை வகித்த ஹார்னெல் துரை. அவர்களுக்கு நாம் நன்றி கூறுகிறோம். எனினும், நமது பாட்டன்மார் ஓட்டிய கலத்தின் அளவை அறியப் பிறர் ஏடுகளையே நம்பி வாழ்வது நமக்குப் பெருமையாகுமா?

பெருமை பேசுவதில் நமக்குக் குறைவில்லை. அளவுகோலை எடுப்பதில்தான் குறைவு. அழகன்குளத்தில் கிடைத்த பானையோட்டில் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று கீறப்பட்டிருக்கின்றது. அது பாய்மரத்தைக் காட்டுகின்றது. கப்பலின் நீளத்தையோ பலகையின் கனத்தையோ காட்டவில்லை. காட்டாததைக் கற்பனையால் நிரப்பி, இதுவே பண்டைத் தமிழர் நாவாய் என்று கண்ணாடிப் பெட்டியில் வைப்பது தேசபக்தியாகாது. அவ்வாறே, 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் நிறுவிய சுதேசிக் கம்பெனியின் காலியா, லாவோ என்னும் நீராவிக் கப்பல்களின் பெயரை ஏதோவோர் அட்டைக் கப்பலில் எழுதி வைத்தால், இம்மலையடிவாரத்துக் கோவைச் சிறையிற் செக்கிழுத்த பெருமகனுக்கு அது மரியாதையாகாது. தெரிந்தது இது, ஊகித்தது இது என்று மாதிரியின் அடியில் எழுதி வைப்பதே நேர்மை.

காந்தல் மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்? வல்வெட்டித்துறைத் தமிழர் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவின் குளஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதன் நீளம் 89 அடி. அடிக்குக் கால் அங்குலம் என்று கொண்டால் மாதிரி இருபத்திரண்டேகால் அங்குலம். பள்ளி மேசைமேல் அடங்கிவிடும். முதலில் ஏரா, பிறகு வங்குகள், அவற்றின்மேற் பலகை, இறுதியிற் பாய்மரம் என்று முறையாகச் செய்யும் பிள்ளை, கணக்கையும் தச்சையும் சரித்திரத்தையும் ஒருங்கே கற்பான். முடித்த கலத்தை உதகை ஏரியில் மிதக்கவிட்டு அதன் சமநிலையைச் சோதிக்கவும் செய்யலாம்.

சர்க்காருக்கும் ஒரு கடமை உண்டு. மரத்தோணி கட்டும் மேஸ்திரிகள் பலர் கோட்டுப்படமின்றிக் கண்ணளவையும் கையளவையும் கொண்டே வேலை செய்பவர்கள். அவ்வறிவு ஏட்டில் ஏறவில்லையேல் அவர்களுடனே மறைந்துபோம். எஞ்சிய தோணிகளையும் வத்தைகளையும் அளந்து, படங்களை அச்சிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் இலவசமாக அனுப்பவேண்டும். காட்சிசாலை கட்டும் செலவில் சிறு பங்கும் இதற்கு ஆகாது.

கப்பலை இழந்த ஜாதி மீண்டும் கட்டிக்கொள்ளலாம். கட்டும் வகையை மறந்த ஜாதி பிறரிடம் சென்று கையேந்தும். நமது உபாத்தியாயர்கள் அளவுகோலைப் பிள்ளைகளின் கையிற் கொடுப்பார்களாக!