எலிக்கு ஏது எல்லை?

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டு முன்னால் பச்சைப் பசேலென்று புல்தரை. ஒரு நாள் காலையில் பார்த்தால், அடியில் யாரோ குழாய் பதித்ததுபோல மண் வரிவரியாக மேலெழும்பிக் கிடந்தது. 'மோல்' என்ற பிராணியின் வேலை என்றார்கள். மகன் கடையிலிருந்து ஒரு புட்டி வாங்கி வந்தான். சீட்டைப் படித்தால் நம்மூர் விளக்கெண்ணெய்! தண்ணீரில் கலந்து தெளித்தால் மோல் வேறிடம் போய்விடுமாம். மோல் எலி இனமே அல்ல. மண்புழுவையும் வண்டுப் புழுவையும் தின்று பிழைப்பது. "இதற்கா இத்தனை பாடு? எங்கள் பெருச்சாளியைப் பார்த்ததில்லையே நீங்கள்" என்று சிரித்தேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் உள்ள எங்கள் ஊர்களில் புல்தரைக்கு ஏது இடம்? பத்து சென்ட் நிலம் இருந்தால் நாலு தென்னை, பத்து மூடு வாழை, மிச்சத்தில் மரச்சீனி. விசாகம் திருநாள் மகாராஜா (ஆட்சிக் காலம் 1880-1885) திருவிதாங்கூர் மக்களின் பசி தீர்க்க ஊக்கம் கொடுத்து வளர்த்த பயிர் அது. அதற்கு எமன் பெருச்சாளி. செடி நிமிர்ந்துதான் நிற்கும். பிடுங்கினால் கிழங்கு இருக்கும் இடத்தில் காற்றுதான் இருக்கும்.

பணி ஓய்வுக்குப் பின் வந்த முதல் மரச்சீனியில் பாதி இப்படிப் போனது. கோபத்தில் கடைக்குப் போய், இரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்லும் விஷக்கட்டிகளை வாங்கி வளைகளில் போட்டேன். நாலைந்து நாளில் எலிகள் பட்டப்பகலில் தள்ளாடி வெளியே வந்தன. எனக்கு வெற்றிக் களிப்பு. அடுத்த வாரம் அயனி மரத்தடியில் ஒரு கூகை செத்துக் கிடந்தது. பல இரவுகள் அந்த மரத்தில் இருந்து அலறியதே, அதே கூகை. விஷம் தின்ற எலியைத் தின்றுதான் செத்தது என்று நான் பரிசோதித்துப் பார்க்கவில்லை. ஆனாலும் என் மனத்துக்குத் தெரியும். சம்பளமில்லாமல் எனக்குக் காவல் காத்தவனை நானே கொன்றுவிட்டேன்.

அதற்காக எலியை விட்டுவைக்கவும் முடியாது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் குடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில், காலில் சிறு கீறலோடு இறங்கினாலே போதும். எங்கள் விளையில் களை பறிக்க வரும் அம்மா ஒருவர் அந்தக் காய்ச்சலில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

பிறகுதான் என் தொழிற்பாடம் நினைவுக்கு வந்தது. ரயில் பாதையின் மண்கரையில் எலி வளை இருந்தால், மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கிக் கரையே சரியும். வாயை மட்டும் மண்ணால் மூடும் கேங்மேனை நாங்கள் விடமாட்டோம். வளையை வெட்டித் திறந்து, மண்ணிட்டு, இடித்து இறுக்க வேண்டும். ஒரு மைல் சரியாக இருந்து அடுத்த மைல் மோசமாக இருந்தால் பாதை பத்திரம் என்று யாரும் சொல்வதில்லை.

வீட்டிலும் அதையே செய்தேன். மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடினேன். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் குடியிருப்பு. அதன் அருகே பொறி வைத்தேன். எலி புதுப்பொருளுக்கு அஞ்சும். அதனால் முதல் மூன்று நாள் பொறியைப் பூட்டாமல் சுட்ட தேங்காயும் கருவாடும் மட்டும் வைத்தேன். நாலாம் நாள் பூட்டினேன். வளைகளை வெட்டி இறுக்கினேன். அடைசலாகக் கிடந்த விறகையும் மட்டையையும் அப்புறப்படுத்தினேன். சாரைப்பாம்பு வந்தால் தடியெடுக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். கூகையையும் சாரையையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சீமைக்கொன்னைப் பட்டையை அவித்த தானியத்தில் கலந்து வைக்கலாம் என்பார்கள். அதன் தாவரப் பெயரான 'கிளைரிசிடியா' என்பதற்கே எலிகொல்லி என்றுதான் பொருள். இயற்கையானது என்பதால் அது விஷமில்லை என்று ஆகிவிடாது. குழந்தையும் கோழியும் உள்ள வீட்டில் வேண்டாம்.

இரண்டு மாதம் நிம்மதி. பிறகு மீண்டும் வளை. அடுத்த விளைக்காரர் சிரித்தபடி சொன்னார்: "சாறே, நீங்க அடச்ச எலி எல்லாம் என் விளையிலதான் கெடக்கு. இப்போ திரும்பி வருது." அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரை.

தனி வீடு எலியை ஒழிக்க முடியாது. ஒரு விளையிலிருந்து மறு விளைக்கு விரட்டத்தான் முடியும். 1956-இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆயின. களியக்காவிளையில் நமக்குத்தான் சோதனைச் சாவடி, பெருச்சாளிக்கு இல்லை. கூகைக்கும் இல்லை.

மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குக் கூட்டுப்பெட்டி வைக்கிறார்கள். இஸ்ரேலில் 1983-இல் தொடங்கிய இதே முயற்சியில் 2002 முதல் ஜோர்டான் உழவர்களும் சேர்ந்தார்கள். போரிட்ட நாடுகளே ஒரு பறவைக்காகக் கைகோக்கும்போது, ஒரே மரச்சீனியும் கருவாடும் உண்ணும் நம்மால் முடியாதா?

என் யோசனை எளியது. இடவப்பாதி மழைக்கு முன், சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறியுங்கள். தெருவில் உள்ள எல்லா விளைகளிலும் அன்றே வளைகளை மூடுவோம்; மறுநாள் திறந்தவற்றை எண்ணுவோம்; ஒரே வாரத்தில் பொறி வைப்போம். விஷம் வாங்குவதில்லை என்று ஊர் கூடி ஒப்புக்கொள்வோம். எல்லைக்கு இரு பக்கமும் உள்ள பஞ்சாயத்துகள் இதைக் கையில் எடுத்தால் இன்னும் நல்லது.

கூகை அலறினால் சாவு வரும் என்று என் பாட்டி சொல்வாள். அது எலிக்கு என்று இப்போது புரிகிறது. அயனி மரத்தில் ஒரு பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்றும் குடிவரவில்லை. ராத்திரிகளில் காது கொடுத்துக் கேட்டபடி இருக்கிறேன்.